கீழே ஓடுகிற எழுத்து

என் மகள் புத்தகம் படிக்கிற விதத்தை முதலில் கவனித்தது அவளுடைய யு.கே.ஜி. டீச்சர். மற்ற பிள்ளைகள் புத்தகத்தை வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு, எழுத்துகளின் மேல் விரலை நகர்த்திக்கொண்டே போவார்கள். இவள் விரலை ஓர் இடத்தில் அழுத்தி வைத்துக்கொண்டு, மறு கையால் புத்தகத்தை இடது பக்கமாக இழுப்பாள். வரி முடிந்ததும் புத்தகத்தைத் திரும்ப வலது பக்கம் தள்ளி, அடுத்த வரியை இழுப்பாள். கண் அசையவே அசையாது.

"இது யார் சொல்லிக்குடுத்த பழக்கம்மா?" என்று டீச்சர் கேட்டார். "ஆனா நல்லா படிக்கிறா. ரெண்டாங்கிளாஸ் புக்கக்கூட படிச்சிடறா. வீட்ல நீங்கதான் உக்காந்து சொல்லிக்குடுக்கிறீங்களா?"

"ஆமா மிஸ்" என்றேன்.

அது பொய். நான் அவளுக்கு 'அ' கூட எழுதிக் காட்டியதில்லை. அவளுக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தது எங்கள் வீட்டு டிவி. செய்திச் சேனலில் அடியில், வலமிருந்து இடமாக ஓடுகிற அந்த ஒற்றை வரி. அங்கே எழுத்துதான் நகரும். படிக்கிறவர் அசையாமல் உட்கார்ந்திருந்தால் போதும்.

நாங்கள் அப்போது கடலூரில் புதுப்பாளையத்தில் மாடி வீட்டில் குடியிருந்தோம். கணவருக்குக் குடிகாட்டுப் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் வேலை. தெற்குக் காற்று வீசும் நாட்களில் அழுகிய பழத்தையும் நெயில் பாலிஷையும் கலந்ததுபோல ஒரு வாடை எங்கள் மாடிவரை வரும். கீழ்வீட்டு அக்கா ஜன்னலைச் சாத்திக்கொண்டே, "ஒங்க வீட்டுக்காரரு வேலைய ஆரம்பிச்சிட்டாரு போல" என்பார். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு உள்ளே வந்து செய்திச் சேனலைப் போடுவேன்.

அந்தப் பழக்கம் வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. கடல் ஊருக்குள் வந்த வருடம்தான் இவள் பிறந்தாள். அலை வந்த அன்று காலை தெருவில் ஜனங்கள் மேற்கே பார்த்து ஓடினார்கள். யாரைக் கேட்டாலும் ஒழுங்காகப் பதில் சொல்லாமல் ஓடினார்கள். கைக்குழந்தையோடு டிவியைப் போட்டேன். எங்கள் ஊர்ப் பெயர் அடிவரியில் ஓடியபோதுதான், அரை மணி நேர நடைதூரத்தில் என்ன நடந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு எது நடந்தாலும் முதலில் அங்கேதான் வரும் என்று மனதில் பதிந்துவிட்டது. கம்பெனியில் ஏதாவது ஒன்று என்றால் யாராவது எனக்குப் போன் செய்வதற்கு முன் அந்த வரியில் வந்துவிடும். வரவில்லை என்றால் ஒன்றும் இல்லை. இப்படித்தான் நான் பகல்களைக் கழித்தேன்.

குழந்தை தூங்குவாள் என்பதால் சத்தத்தை வைக்க மாட்டேன். வரி மட்டும் ஓடும். அதன் எதிரே உட்கார்ந்துதான் அவளுக்குச் சோறு ஊட்டுவேன்.

அவள் முதலில் அடையாளம் கண்ட சொல் 'கடலூர்'. மூன்றரை வயதுகூட ஆகவில்லை. நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று முன்னால் எழுதினேன். ஒருவிதத்தில் இதை நான்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்தச் சொல் வரியில் நுழையும்போதெல்லாம் சோற்றுருண்டையோடு என் கை பாதியில் நின்றுவிடும். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள். கை எப்போது நிற்கிறது, எந்த எழுத்துக் கூட்டம் வரும்போது நிற்கிறது என்று பார்த்திருக்கிறாள். ஒருநாள் நான் கவனிக்காமல் ஊட்டிக்கொண்டிருந்தபோது, அவளே என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, "கடலூர்" என்றாள். திரும்பிப் பார்த்தேன். கடலூர் மாவட்டத்தில் நாளை உள்ளூர் விடுமுறை என்று ஓடிக்கொண்டிருந்தது.

எனக்குப் பெருமையாக இருந்தது. இவரிடம் சொன்னபோது இவருக்கும் பெருமை. ஷிப்ட் முடிந்து வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் அவளை டிவி எதிரே நிறுத்தி, "படி பாப்பா" என்போம். அவள் படிப்பாள். "பஸ் லாரி மோதல். நாலு பேர் பலி. ஏழு பேர் காயம்." மழலையோடு அவள் சொல்வதைக் கேட்டு எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான் சிரித்தேன்.

பிறகு அர்த்தம் கேட்க ஆரம்பித்தாள்.

"பலின்னா என்னாம்மா?"

"சாமிகிட்ட போறது."

"காயம்னா?"

அதற்கு உண்மையையே சொல்லியிருக்கலாம். முட்டியில் எத்தனையோ முறை பட்டிருக்கிறது. ஆனால் ஏழு பேர் காயம் என்பதை ஒரு குழந்தை ஏன் கற்பனை செய்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது. "ரசத்துல போடறோமே, பெருங்காயம்" என்றேன். அதன்பின் கொஞ்ச காலம், காயம் என்று படிக்கும்போது மூக்கை உறிஞ்சிக்கொள்வாள்.

மாலையில் நான் பார்க்கும் சீரியலில் யாராவது அழுதால் அவளுக்கும் உதடு பிதுங்கும். அவளைச் சமாதானப்படுத்த ஒரே வழி, "அவுங்க சும்மா அழறாங்கடி. நிஜம் இல்ல. கேமரா போனதும் சிரிப்பாங்க" என்று சொல்வதுதான். ஐந்தாறு முறை சொன்னதும் பழகிவிட்டாள். பிறகு எவ்வளவு பெரிய அழுகை வந்தாலும் மடியில் சாய்ந்தபடி, "சும்மா" என்று என்னைப் பார்த்துத் தலையாட்டுவாள். தைரியமான பிள்ளை என்று நினைத்தேன்.

அவள் ஒரு சொல்லுக்கு மட்டும் அர்த்தம் கேட்கவில்லை. அது 'மாயம்'.

கேட்காததற்குக் காரணம், அவளுக்கு அது ஏற்கனவே தெரிந்திருந்தது. காலையில் தமிழில் பேசுகிற ஒரு கார்ட்டூன் பார்ப்பாள். அதில் பிள்ளைகள் ஓர் இடத்தில் ஒடுங்கி உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டால் மாயமாகிவிடுவார்கள். மற்றவர்கள் பக்கத்திலேயே நின்று தேடுவார்கள். அதற்கு ஒரு விதி உண்டு. யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் பேசக் கூடாது. பேசினால் மாயம் போய்விடும். நான் அந்தக் கார்ட்டூனை உட்கார்ந்து பார்த்ததில்லை. அந்த நேரத்தில்தான் இட்லிக்கு அடுப்பு மூட்டி, இவருக்கு டப்பா கட்டுவேன். இதெல்லாம் பிறகு அவள் சொல்லித் தெரிந்துகொண்டது.

அவளுக்கு ஐந்து வயதான அந்த ஆவணியில் ஒருநாள் மதியம் வரியில் ஓடியதை அவள் சத்தமாகப் படித்தாள். "புவனகிரி அருகே சிறுமி மாயம்."

என் கை நின்றது. கடலூர் இல்லை, ஆனாலும் நின்றது.

அவள் முகம் மலர்ந்து போயிருந்தது. "எப்பிடிம்மா ஆனா?"

எப்படி ஆனது, யார் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று கேட்கிறாள் என நினைத்தேன். "தெரியலையே" என்றேன். "யாருக்குமே தெரியலையாம்."

"யாருக்குமே தெரியலையா?" என்றாள். பொறாமைப்படுகிற குரல் அது. இப்போது எழுதும்போதுதான் அந்த வார்த்தை கிடைக்கிறது. அன்று எனக்கு அது பயமாகத் தெரிந்தது. பயந்துவிட்டாள் என்று நினைத்துச் சேனலை மாற்றினேன்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒளிந்து விளையாடுவது ஜாஸ்தியானது. ஜன்னல் ஸ்கிரீனுக்குப் பின்னால், பீரோ இடுக்கில், கதவு மூலையில். கூப்பிடுவேன், சத்தம் வராது. கண்டுபிடித்து இழுத்தால் மற்றப் பிள்ளைகளைப்போலச் சிரிக்க மாட்டாள். கோபப்படுவாள். "நீ கூப்ட்டா நான் பேசக் கூடாது. பேசினா போயிடும். நீ என்னைப் பாக்கவும் கூடாது" என்பாள். நான் துணி மடித்துக்கொண்டே, "சரி சரி, பாக்கல" என்பேன்.

அந்த மார்கழியில் தேர்த் திருவிழாவுக்குச் சிதம்பரத்தில் அக்கா வீட்டுக்குப் போனோம். இவருக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் அவளும் மட்டும் பஸ் ஏறினோம். பஸ் குடிகாட்டைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொள்ளச் சொன்னேன். பொத்திக்கொண்டே, "அப்பா இதுக்குள்ளயா இருக்காரு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அவரு மூக்கப் பொத்திக்குவாரா?" என்றாள்.

அக்கா வீடு கீழ வீதியில் இருந்து பிரிகிற ஒரு சந்தில். வடலூரிலிருந்து மாமாவின் தங்கை குடும்பமும் வந்திருந்தது. மாமா என்றால் என் அக்காவின் கணவர். ஹாலில் இரும்புக் கட்டிலுக்கு எதிரே டிவி. திருவிழா முடியும்வரை உள்ளூர்க் கேபிள் சேனலைத்தான் வைத்திருப்பார்கள். வீதியில் கேமராவை வைத்துக் கூட்டத்தையே காட்டிக்கொண்டிருப்பார்கள். அடியில் ஜவுளிக்கடை, பாத்திரக்கடை விளம்பரம் ஓடும். நடுநடுவே, கூட்டத்தில் தொலைந்தவர்களின் போட்டோ.

தேருக்கு முந்தின சாயங்காலம் நானும் அக்காவும் களிக்கு அரிசி வறுத்துக்கொண்டிருந்தோம். மகள் ஹாலிலிருந்து ஓடிவந்தாள்.

"அம்மா, மாயம் ஆனா போட்டோ போடுவாங்களா?"

டிவியில் யாரோ ஒரு பெரியவரின் படம். அரிசி சிவக்கிற பதம். ஒரு விநாடி விட்டால் கருகிவிடும்.

"ம்" என்றேன்.

"என் போட்டோவும் போடுவாங்களா?"

"ம். தள்ளி நில்லு, சூடு."

மறுநாள் காலை பத்தரை மணி இருக்கும். தேர் வருகிறது என்று சந்துமுனைக்கு எல்லோரும் போனோம். வரும்போது என் கையைத்தான் பிடித்திருந்தாள். கூட்டம் நெருக்கியதும், பயமாக இருக்கிறது, பெரியம்மா வீட்டுக்கே போகிறேன் என்றாள். பத்தடி தூரம்தான்; கதவு திறந்திருந்தது. அவள் வாசற்படி ஏறுவதைப் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன். அந்த நேரத்தில் வடம் இழுக்கிற சத்தம் எழுந்தது, திரும்பிவிட்டேன்.

முதல் தேர் தாண்டியதும் வீட்டுக்கு வந்து கூப்பிட்டேன். பதில் இல்லை. ரூம், சமையலறை, கொல்லைப்பக்கம், மாடிப்படி. அக்கா கட்டில் விரிப்பைத் தூக்கிப் பார்த்தாள். நானும் குனிந்து பார்த்தேன். வந்தவர்களின் பைகளும் பாய்ச்சுருளும் அடைத்துக் கிடந்தன. வேறொன்றும் தெரியவில்லை.

"வெளிய வந்திருப்பா" என்றாள் அக்கா. "தேரப் பாக்க நம்ம பின்னாலயே வந்திருப்பா."

அதன்பின் ஒரு மணி நேரம் நான் எங்கெல்லாம் போனேன் என்று சொல்லத் தெரியவில்லை. சிவப்புப் பாவாடை போட்ட ஒவ்வொரு பிள்ளையையும் தோளைப் பிடித்துத் திருப்பினேன். வீதி மூலையில் போட்டிருந்த போலீஸ் பந்தலில், "பேரு, வயசு சொல்லும்மா. அழுதா மைக்ல என்னான்னு சொல்றது?" என்றார்கள். சொன்னேன். என் மகளின் பெயர் ஒலிபெருக்கியில் ஜனங்களின் தலைக்கு மேலே போனது. "தேருன்னா நாலு பிள்ளைங்க தொலையத்தான் செய்யும். சாயங்காலத்துக்குள்ள கெடச்சிடும்" என்றார் ஒரு போலீஸ்காரர். எனக்குப் புவனகிரி ஞாபகம் வந்தது. அந்தப் பெண்ணின் அம்மாவுக்கும் யாராவது இதைச் சொல்லியிருப்பார்கள்.

மாமா என்னைத் திருப்பி அழைத்து வந்தார். "நீ வீட்ல இரும்மா. யாராவது கூட்டிட்டு வந்தா அடையாளம் காட்ட ஆளு வேணும். போட்டோ இருந்தா குடு, கேபிள் ஆபீஸ்ல குடுத்துட்டு வரேன்."

ஸ்கூலுக்கு எடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோ என் பர்ஸில் எப்போதும் இருக்கும். ஏன் வைத்திருக்கிறாய் என்று இவர் பலமுறை கேலி செய்திருக்கிறார். எடுத்துக் கொடுத்தேன்.

கம்பெனி கேட்டுக்குப் போன் செய்தேன். "ஷிப்ட்ல இருக்காரும்மா. உள்ள போன் போவாது. சொல்லி அனுப்பறேன்" என்றார் செக்யூரிட்டி.

பிறகு கட்டிலில் உட்கார்ந்தேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்திருந்தாள். எதிரே டிவியில் தேர் அசைந்து அசைந்து வந்தது. கூட்டத்தில் சிவப்பாக ஏதாவது தெரிந்தால் எழுந்திருப்பேன். இல்லை என்றதும் உட்காருவேன். வாய்விட்டு அழுதேன். நெற்றியில் அடித்துக்கொண்டேன். அவள் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டேன். அப்படி இரண்டு மணி நேரம்.

ஒன்றரை மணிக்குமேல் அடிவரியில் பாத்திரக்கடை முடிந்து அவள் பெயர் நுழைந்தது. கடலூரைச் சேர்ந்த ஐந்து வயதுச் சிறுமி மாயம். மேலே மூலையில் அவள் போட்டோ. ரிப்பன் ஒரு பக்கம் தொங்குகிற அந்த போட்டோ.

"வந்துட்டேன்."

சத்தம் எனக்குக் கீழேயிருந்து வந்தது. பாய்ச்சுருள் உருண்டது. ஒரு பை சாய்ந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து அவள் தவழ்ந்து வெளியே வந்தாள். முகத்தில் ஒட்டடை. பாவாடை நனைந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. டிவியைக் காட்டி, "அம்மா, நான் வந்துட்டேன் பாரு. என் போட்டோ வந்துடுச்சி" என்றாள்.

அக்கா அவளை ஓர் அடி அடித்தாள். பிறகு கட்டிக்கொண்டு அழுதாள். என்னால் கையைத் தூக்கவே முடியவில்லை.

"இங்கயாடி இருந்த? இவ்ளோ நேரமும் இங்கயா?" என்றேன்.

"ம்."

"நான் கூப்ட்டது கேக்கலையா?"

"கேட்டுச்சி. பேசினா போயிடும்ல."

"நான் அழுதது?"

"அதுவும் கேட்டுச்சி. உன் காலு ஆடிகிட்டே இருந்துச்சி." கொஞ்சம் யோசித்தாள். "சும்மாதானம்மா அழுத?"

அவள் கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டாள். நான் இல்லை என்று தலையசைத்தேன். அவள் நம்பாதவள்போல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கேமரா போன பிறகு நான் சிரிப்பேனா என்று.

இவர் சாயங்காலம் வந்து சேர்ந்தார். குளிக்காமல், அந்த வாடையோடு வந்தார். மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "எந்நேரமும் அந்தக் கீழ ஓடறதயே பாத்துக்கிட்டிருந்தா இப்பிடித்தான்" என்றார்.

"யாருக்காகப் பாத்தேன்?" என்றேன்.

மாமா, "விடு சகல, பிள்ள கெடச்சிட்டா. அதப் பாரு" என்றார்.

மறுநாள் ஆருத்ரா தரிசனம். வீட்டில் களியும் கூட்டும். வழக்கம்போல அவளை டிவி முன்னால் உட்காரவைத்து ஊட்ட ஆரம்பித்தேன். பழகிய கை தானாக அங்கேதான் போனது. பிள்ளை கிடைத்துவிட்டாள் என்று மாமா கேபிள் ஆபீஸில் சொல்லியிருந்தார். ஆனாலும் திருவிழா வேலையில் யாரும் எடுக்கவில்லை. அவள் பெயர் இன்னமும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் படித்தாள். ஒருமுறை, இரண்டு முறை. மூன்றாம் முறை படித்துவிட்டு, தன் முழங்கையைத் தானே கிள்ளிப் பார்த்தாள்.

"நான் இங்கதான இருக்கேன்?"

"இங்கதாண்டி இருக்க."

"அப்ப ஏன் இன்னும் மாயம்னு போடறாங்க?"

அப்போதுதான் சொன்னேன். டிவியை அணைத்துவிட்டுச் சொன்னேன். மாயம் என்றால் கார்ட்டூனில் வருவது இல்லை. காணாமல் போவது. எங்கே இருக்கிறார்கள் என்று அம்மாவுக்கு, அப்பாவுக்கு, யாருக்குமே தெரியாமல் போவது. அந்த அம்மா அழுவது நிஜ அழுகை. பலி என்றால் செத்துப்போவது. காயம் என்றால் ரத்தம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். ஐந்து வயதுக்கு அது ஜாஸ்தியா, தெரியவில்லை. அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. அவள் வாயில் களியை அடக்கிக்கொண்டு, மெல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

விழுங்கிவிட்டுக் கேட்டாள். "அப்ப அந்தப் புவனகிரிப் பொண்ணு?"

அவள் இன்னமும் அந்தப் பெண்ணை நினைவில் வைத்திருப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"கெடச்சிட்டாளாம்மா? கெடச்சிட்டான்னு போடவே இல்லியே. நான் தெனம் பாத்தேன்."

நானும் பார்த்திருக்கிறேன். எத்தனையோ வருடங்களாக அந்த வரியைப் பார்க்கிறேன். மாயம் என்று போடுவார்கள். கிடைத்தார் என்று போட்டதே இல்லை. அதை நான் அதுவரை கவனித்ததில்லை. கவனித்தவள் இவள்.

அவளுக்கு அடுத்த வாய் கொடுக்க எடுத்த கை பாதியில் நின்றுவிட்டது. எதிரே டிவி அணைந்து கிடந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, நின்றுபோன என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.